எலும்பில் எரிந்த வெளிச்சம்

தமயந்தி வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் கடிகாரத்துக்குப் பயந்தார்கள். கோவைக்கு வடக்கே, தறிக்கூடங்களெல்லாம் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் அந்தக் கதிரியக்க மருந்து மையம் இருந்தது. தரைக்குக் கீழே சைக்ளோட்ரான். அது கனத்த ஆக்சிஜன் கலந்த தண்ணீரைப் புரோட்டான்களால் அடித்துக் கதிரியக்க ஃப்ளோரைடை உண்டாக்கும். உண்டான கணத்திலிருந்தே ஃப்ளோரைடு தேயத் தொடங்கிவிடும். நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதி காணாமல் போகும். அதற்குள் அதை மருந்தோடு பிணைத்து, சோதித்து, வண்டியில் ஏற்றி, மருத்துவமனையில் படுத்திருப்பவரின் நரம்பில் செலுத்தியாக வேண்டும்.

பிணைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளோரைடு தண்ணீரில் பிறப்பதால் தண்ணீர் அதைச் சுற்றி அப்பிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தோடு அது எதனுடனும் சேராது. அதனால் முதலில் ஒரு சின்னக் குப்பியில் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிறகு பொட்டாசியத்தைக் கூண்டுபோல் சூழ்ந்துகொள்ளும் ஒரு பொருளோடு சேர்த்து இறக்கி, அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானை ஊற்றிச் சூடேற்றி, நைட்ரஜன் வாயுவை ஓடவிட்டு உலர்த்த வேண்டும். மறுபடி ஊற்றி, மறுபடி உலர்த்த வேண்டும். மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடிந்ததும் ஈயக் கண்ணாடிக்கு அப்பால் குடுவையின் அடியில் ஒன்றுமே இல்லாதது போலத்தான் தெரியும். அந்த ஒன்றுமில்லாததுதான் வேகமாகப் பிணையும் ஃப்ளோரைடு. பதினான்கு வருடமாகத் தமயந்தி அதைத்தான் செய்துவந்தாள். அவளளவுக்குக் குறைந்த நேரத்தில் முடிப்பவர் தென்னகத்தில் இல்லை என்று சொல்வார்கள்.

அவள் தயாரித்த மருந்துகளில் ஒன்றை மக்கள் விளக்கு மருந்து என்றார்கள். நினைவு இழந்து கிடக்கும் ஒருவருக்குள் இன்னும் ஆள் இருக்கிறாரா என்பதை அது காட்டியது. விழிப்பு வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் மட்டும் போய் உட்காரும் மருந்து அது. ஸ்கேனில் அந்த இடங்கள் ஒளிர்ந்தால் உள்ளே ஆள் உண்டு. கணினி எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஓர் எண்ணைத் தரும். இருபதுக்கு மேலே என்றால் விளக்கு எரிகிறது, கீழே என்றால் அணைந்துவிட்டது. பழைய சோதனைகள் நாள் கணக்கில் இழுத்தன என்று சொல்லி, அவற்றை நீக்கிவிட்டு இந்த எண்ணையே போதுமான சான்றாக்கிச் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. விளக்கு அணைந்தவருக்கு உணவையோ சுவாசக் கருவியையோ குடும்பம் நிறுத்தலாம். உறுப்புகளைத் தானமாகக் கொடுக்கலாம்.

நவம்பர் பதினேழாம் தேதி இரண்டு பேருக்கு மருந்து கேட்டிருந்தார்கள். ஒருவர் பூபதி, முப்பத்தொன்பது வயது, கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர், பைக்கிலிருந்து விழுந்தவர். இன்னொருத்தி கிருத்திகா, பத்தொன்பது வயது, காங்கேயம் பக்கத்துப் பெண், வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரிப் பேருந்து கவிழ்ந்ததில் தலையில் அடி. அவளைச் சுவாசக் கருவியில் வைத்திருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தால் இதயத்தைத் தருவதாக அவளுடைய பெற்றோர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கிப் போகச் சென்னையிலிருந்து மருத்துவர்கள் வந்து காத்திருந்தார்கள்.

அன்று விடிந்ததிலிருந்து அடைமழை. மின்சாரம் இரண்டு முறை போய் வந்ததில் சைக்ளோட்ரான் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டியும் வழக்கத்தில் பாதி ஃப்ளோரைடுதான் கிடைத்தது. ஒவ்வொரு நிமிடமும் அதிலிருந்து கொஞ்சம் கழிந்துகொண்டிருந்தது. மையத்தின் இயக்குநர் ஜெயசீலன் தன் அறையிலிருந்து திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவமனை அவரை அழைத்தபடி இருந்தது.

தமயந்தி இரண்டு சுற்று உலர்த்தினாள். குடுவையின் அடி காய்ந்தாற்போலத்தான் தெரிந்தது. மூன்றாவது சுற்றை விட்டுவிட்டு மருந்தைச் சேர்த்தாள்.

அனுப்புமுன் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது பெரிய கருவியில் செய்வது. அது வரைபடத்தில் ஒரே ஒரு சுத்தமான கோபுரத்தைக் காட்டியது; அதுதான் பிணைந்த மருந்து. ஆனால் பிணையாமல் தனியாக நிற்கும் ஃப்ளோரைடு சில சமயம் அந்தக் கருவியின் குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது சோதனை. ஒரு சொட்டை மெல்லிய பட்டையில் வைத்து, கரைப்பானில் நிறுத்தி, ஏறவிட்டுப் பார்ப்பது. பத்து நிமிட வேலை. தமயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். பட்டைச் சோதனைக்கான கட்டத்தில் ‘வரம்புக்குள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வண்டி புறப்பட்டது. அவள் தயிர்சாத டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

கிருத்திகாவுக்கு வந்த எண் ஒன்பது. பூபதிக்குப் பதினொன்று.

பதினொரு மாதம் கழித்து ஒரு காலையில் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவிலிருந்து ஹென்றி அழைத்தான். அங்கே கணினிக்குப் புதிய மென்பொருள் போட்டிருந்தார்கள். சரிபார்ப்பதற்காகப் பழைய படங்களையெல்லாம் அதில் ஓட்டிக்கொண்டிருந்தான். பழைய மென்பொருள் மண்டையோட்டை வெட்டிக் கழித்துவிட்டு மூளையை மட்டும் கணக்கிடும். புதியது தலை முழுவதையும் காட்டியது.

“மேடம், ரெண்டு படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. போன நவம்பர் பதினேழு. மண்டையோடு, தாடை, கழுத்தெலும்பு எல்லாம் பளீர்னு எரியுது. மூளை மட்டும் இருட்டா இருக்கு.”

“மத்த நாள் படங்கள்ல?”

“எதுலயும் இப்படி இல்ல மேடம். இந்த ரெண்டுலதான்.”

தமயந்தி படங்களைத் திறந்தாள். இரண்டு தலைகள். வெள்ளை நெருப்பில் வரைந்தாற்போல எலும்புகள். தனி ஃப்ளோரைடு உடம்புக்குள் போனால் நேரே எலும்பில்தான் போய்ச் சேரும் என்பதை அவள் படித்த முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றைய மருந்தில் பெரும்பங்கு பிணையவே இல்லை. வெளிச்சம் எலும்புக்குப் போய்விட்டது. மூளை இருட்டாக இருந்ததா, வெளிச்சம் அங்கே போகவே இல்லையா என்பதை அந்தப் படங்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியின் பக்கத்தைப் புரட்டினாள். பட்டைச் சோதனைக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பதிவேட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு ஜெயசீலனின் அறைக்குப் போனாள்.

ஜெயசீலன் படங்களை வெகுநேரம் பார்த்தார்.

“பட்டைச் சோதனை பண்ணலையா?”

“பண்ணலை சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நான் அன்னைக்கு மூணு தடவை போன் பண்ணினேன், இல்ல?”

“நாலு தடவை சார்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. கத்தவில்லை, மிரட்டவும் இல்லை. இரண்டு பேரில் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று விசாரித்தார். கிருத்திகா அந்த நவம்பர் பதினேழு மாலையே அறுவைக் கூடத்துக்குப் போய்விட்டாள். பூபதி உயிரோடு இருந்தான். அவன் தானாகவே மூச்சுவிட்டதால் நிறுத்துவதற்குச் சுவாசக் கருவி எதுவும் இல்லை. குழாய் வழியே போகும் உணவை நிறுத்துவதற்கான படிவத்தில் அவன் மனைவி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டில்தான் கிடந்தான். அவனுக்கு மறு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் ஜெயசீலன். வருடாந்தரப் பரிசோதனை என்று சொன்னால் போதும்.

“அந்தப் பொண்ணு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க, தமயந்தி. அவளோட இதயம் இப்ப ஒரு டீச்சர் உடம்புல துடிக்குது. அந்தம்மாவுக்கு ரெண்டு குழந்தைங்க. நீங்க போய்ச் சொன்னா பெத்தவங்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கும்?”

முதலில் பூபதியைப் பார்ப்போம் என்றாள்.

மறு ஸ்கேனுக்கான மருந்தை அவளே தயாரித்தாள். மூன்று சுற்று உலர்த்தி, மனம் கேட்காமல் நான்காவது சுற்றும் உலர்த்தினாள். பட்டைச் சோதனையை இரண்டு தடவை செய்தாள். தனி ஃப்ளோரைடு நூற்றில் ஒன்றுகூட இல்லை. மருந்து வண்டியிலேயே தானும் ஏறி மருத்துவமனைக்குப் போய், ஹென்றியின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். முதலில் நெற்றிப்பக்கம் ஒளிர்ந்தது. பிறகு உச்சி, பிறகு இரு பக்கமும். எலும்புகள் கறுப்பாகவே இருந்தன. எண் எழுபத்து மூன்று.

ஹென்றி சிலுவை போட்டுக்கொண்டான்.

பூபதியின் மனைவி ரேணுகா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நான்கு வயது, மெலிந்த உடம்பு. வருடாந்தரப் பரிசோதனை முடிந்ததா, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தவறு தன்னுடையது என்பதையும் சொன்னாள். மகிழ்ச்சியோ கோபமோ, இரண்டில் ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருந்தாள்.

ரேணுகா கேட்டது இதுதான்: “காது கேக்குமுங்களா அவருக்கு?”

“கேக்கும்.”

“இப்பத்தானுங்களா, இல்ல முன்னயேவா?”

“முன்னாடியே கேட்டிருக்கும்னுதான் நினைக்கிறோம்.”

ரேணுகா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், யாரோ ஒருத்தியின் வீட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அறிக்கை வந்ததற்கு மறுவாரம் தையல் மெஷினை அவன் கிடந்த அறையில் போட்டிருக்கிறாள், வேறு இடம் இல்லாததால். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க ரவிக்கை தைப்பாள். பதினொரு மாதத்தில் ஒரு தடவைகூட அவனைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ யாரும் கூப்பிடவில்லை. திருப்பிப் போடுவார்கள், துடைப்பார்கள், குழாயில் கஞ்சி ஊற்றுவார்கள். கொசு கடித்தால் யாரும் விரட்டியதில்லை. சித்திரையிலிருந்து அவளுக்கு வேறொருவரோடு பழக்கம். கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அவரோடு பேசும்போது போனை மெஷின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவாளாம், இரண்டு கையும் துணியில் இருக்கும் என்பதால்.

“இந்த ஆளு எப்பத்தான் போவாரோன்னு நாங்க ரெண்டு பேரும் பேசாத நாளில்லீங்க,” என்றாள். “அவரு தலைமாட்டுலதான் பேசுனோம்.”

தமயந்தி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ரேணுகா கையை இழுத்துக்கொண்டாள். அன்று அவள் கணவனோடு ஆம்புலன்ஸில் ஏறவில்லை. அவன் தம்பியை வரச் சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றாள்.

இதைப் பார்த்த பிறகு தமயந்திக்கு ஜெயசீலன் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. நான்கு நாள் எதுவும் செய்யாமல் வேலைக்குப் போய் வந்தாள். ஐந்தாம் நாள் நடந்ததையெல்லாம் எழுதி, கதிரியக்கக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பினாள். அவளைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடியும்வரை நோயாளிகளின் குடும்பத்தாரைச் சந்திக்கக் கூடாது என்றும் கடிதம் வந்தது. விசாரணை எப்போது தொடங்கும் என்று அதில் இல்லை. ஒரு வருடம் ஆகலாம், வேறு யாரோ ஓர் அதிகாரி போய்ச் சொல்லலாம், அல்லது தபாலில் ஒரு தாள் போகலாம். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காங்கேயம் பேருந்தில் ஏறினாள்.

கிருத்திகாவின் அப்பா நாச்சிமுத்து கொப்பரைக் களம் வைத்திருந்தார். அரை ஏக்கர் சிமெண்டுத் தரையில் உடைத்த தேங்காய்கள் வெயிலில் வாய் பிளந்து கிடந்தன. பெண்கள் முட்டிபோட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. மகளின் மருத்துவ விஷயமாகக் கோயமுத்தூரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும், ஏனென்று கேட்காமல் தகரக் கொட்டகையின் நிழலில் நாற்காலி எடுத்துப் போட்டார். மனைவி தெய்வானை வீட்டுக்குள் இருப்பதாகவும் கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். முதலில் அவரிடம் பேசிவிடுகிறேன் என்றாள் தமயந்தி.

“விளக்கு மருந்துன்னா ஒண்ணுமில்லீங்க,” என்று தொடங்கினாள். “மருந்தோட ஒரு வெளிச்சத்தைக் கட்டி உடம்புக்குள்ள அனுப்புவோம். மருந்து எங்க போகுதோ அங்க வெளிச்சம் தெரியும். அந்தக் கட்டு விழணும்னா கொஞ்சம்கூட ஈரம் இருக்கக் கூடாது. அன்னைக்கு மழை. அவசரம். நான் சரியா உலர்த்தலை. கட்டு விழலை. வெளிச்சம் தனியாப் பிரிஞ்சு எலும்புக்குப் போயிருச்சு. மூளையில வெளிச்சம் இல்லைன்னு மெஷின் சொன்னது அதனாலதான்.”

அவர் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோதிச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.”

“அப்ப எம் பொண்ணுக்கு விளக்கு எரிஞ்சுதுங்களா?”

“தெரியாதுங்க. எரிஞ்சிருக்கலாம். எரியாமயும் இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அதே மருந்து போட்ட இன்னொருத்தருக்கு மறுபடி எடுத்தோம். அவருக்கு எரியுது.”

திருப்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து துண்டால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். திட்டுவார், எழுந்து போகச் சொல்வார், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் தமயந்தி வந்திருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அம்மிணி,” என்றார். “ஆப்பரேசன் பண்றப்ப மயக்க மருந்து குடுத்திருப்பாங்களா?”

இந்தக் கேள்வியைத் தமயந்தி வழியெல்லாம் நினைத்துப் பயந்துகொண்டு வந்திருந்தாள். சட்டம் வந்தபோது விதிமுறைகளை மையத்தில் எல்லோருக்கும் படிக்கக் கொடுத்திருந்தார்கள். விளக்கு அணைந்தவருக்கு உணர்வில்லை, ஆகவே உறுப்பு எடுக்கும்போது மயக்க மருந்து தேவையில்லை, உடம்பு அசையாமல் இருக்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்து மட்டும் போதும் என்று அதில் இருந்தது. பதினான்காம் பக்கம். படித்தபோது அவளும் அதைச் சரியென்றுதான் நினைத்தாள். உண்மையைச் சொல்லத்தான் வேலையைப் பணயம் வைத்து, உத்தரவை மீறி, இரண்டு பேருந்து மாறி இங்கே வந்திருந்தாள்.

“குடுத்திருப்பாங்கங்க,” என்றாள். “எல்லாருக்கும் குடுப்பாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

நாச்சிமுத்து திரும்பி முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கையெழுத்துப் போட்ட காயிதத்துல வேண்டாம்னு போட்டிருந்துச்சுங்க,” என்றார். “நான் படிச்சுப்போட்டுத்தான் போட்டேன்.”

தமயந்தி தலைகுனிந்தாள்.

அவர் எழுந்தார். போகச் சொல்லப்போகிறார் என்று அவளும் எழுந்தாள். அவர் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். பிறகு அவளிடம், களத்துப் பெண்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

“வெளிச்சம் எலும்புக்குப் போன கதையெல்லாம் அவகிட்ட வேண்டாமுங்க. அதை நான் வெச்சுக்கறேன். இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, கடைசியா, அதை மட்டும் சொல்லுங்க. அப்புடியே சொல்லுங்க.”

தெய்வானை ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறவர், பாப்பாவின் ஆப்பரேசன் சமாச்சாரம் தெரிந்தவர் என்று நாச்சிமுத்து அறிமுகம் செய்தார். அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை.

தமயந்தி அவள் கண்களைப் பார்த்துச் சொன்னாள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள் என்று சொன்னாள். தூக்கத்திலேயே முடிந்துவிட்டது, வலி என்று எதுவும் இல்லை என்று சொன்னாள்.

தெய்வானை கேட்டு முடித்துவிட்டுத் தலையாட்டினாள்.

“இவரும் தெனமும் இதையேதான் சொல்றாருங்க,” என்றாள். “வேற ஒருத்தரு வாயால கேக்கோணும்னு இருந்துச்சு.”

பிறகு தூணிலேயே சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாள். தமயந்தி அவளுக்கு எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள்.